கஸ்டம்ஸ் சந்தில் கரண்டு போவதில்லை

கஸ்டம்ஸ் சந்தில் மூன்று வருடம் கரண்டு போகாமல் இருந்தது. அந்த மூன்று வருடமும் சந்தின் முப்பத்தோரு வீட்டுக்காரர்களும் சுகமாக இருந்தார்கள் என்றும், சுகப்படாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு ஆள்தான் என்றும், அந்த ஆள் அத்தனைக்கும் காரணமான டீசல் டேங்கைத் தன் வீட்டுக் கொல்லையில் வைத்திருந்த மங்கையர்க்கரசி டீச்சர்தான் என்றும் உப்பங்கரையில் இன்றைக்கும் சொல்லுவார்கள்.

உப்பங்கரை கடலை ஒட்டிய ஊர். வருடத்துக்கு ஒரு புயலாவது அதைத் தொட்டுவிட்டுத்தான் போகும். மங்கையர்க்கரசி அங்கே மேல்நிலைப் பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர். அவள் கணவர் சிவபாதம் இருபத்தாறு வருடம் சிமெண்டு குடோனில் சூப்பர்வைசராக இருந்து, மூட்டை மூட்டையாகத் தூசியை மூச்சில் ஏற்றிக்கொண்டு, ஐம்பத்திரண்டு வயதில் கட்டிலில் வந்து விழுந்தவர். கட்டிலுக்குப் பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மெஷின் நிற்கும். அது வீட்டுக் காற்றையே இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக அவர் மூக்குக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். மெஷின் நின்றால் அவருக்குப் பத்து நிமிடம். மெஷின் ஓடுவது கரண்டில்.

பெரிய புயல் வந்த வருடம் ஊருக்கு இருபத்து மூன்று நாள் கரண்டு இல்லை. ஜெனரேட்டர் ஒன்றை மங்கையர்க்கரசி முன்னாலேயே வாங்கி வைத்திருந்தாள், ஆனால் அதற்கு ஊற்ற டீசல் மூன்றாம் நாளே ஊரில் எந்த பங்க்கிலும் இல்லை. ஐந்தாம் நாள் சிவபாதத்தை ஒரு சிலிண்டரோடு மீன் லாரியில் ஏற்றித் தஞ்சாவூருக்குக் கொண்டு போனாள். மன்னார்குடி தாண்டியதும் சிலிண்டர் தீர்ந்தது. அவர் உதடு நாவல்பழ நிறத்துக்குப் போனதைப் பார்த்தவள், லாரியிலிருந்து குதித்து, எதிரே வந்த ஒரு ஆம்புலன்ஸுக்குக் குறுக்கே நடுரோட்டில் போய் நின்றாள். டிரைவர் பிரேக் பிடித்ததும் வண்டியின் முன்பக்கம் அவள் புடவையைத் தொட்டுக்கொண்டு நின்றது. அந்த ஆம்புலன்ஸில் இருந்த ஆக்சிஜனால்தான் சிவபாதம் பிழைத்தார். அன்றைக்கே அவள் முடிவு செய்தாள்: இனி ஒரு மாதத்துக்கான டீசல் வீட்டிலேயே இருக்கும், யார் என்ன சொன்னாலும் இருக்கும்.

கணக்கு சுலபமாக வந்தது. ஜெனரேட்டர் மணிக்கு ஒண்ணேகால் லிட்டர் குடிக்கும், ஒரு நாளைக்கு முப்பது, ஒரு மாதத்துக்குத் தொள்ளாயிரம், கையிருப்புக்கு இன்னும் நூறு. ஆயிரம் லிட்டர் டேங்க் ஒன்று போதும். ஆனால் கணக்கு முடிந்த இடத்தில்தான் மனிதர்கள் ஆரம்பித்தார்கள்.

ஹார்டுவேர் கடைக்காரர் மொட்டைமாடித் தண்ணீர் டேங்க்கையே காட்டி, "இதுல டீசல் என்ன டீச்சர், சாம்பாரே ஊத்தி வைக்கலாம்" என்றார். வெல்டிங் பட்டறை மாசிலாமணி துத்தநாகம் பூசிய தகட்டில் அடித்துத் தருகிறேன் என்றான். துத்தநாகமும் டீசலும் ஒத்துப்போகாது, வெறும் இரும்புத் தகடுதான் வேண்டும், அடிப்பக்கம் சரிவாக இருக்க வேண்டும், சரிவின் கடைக்கோடியில் ஒரு குழாய் வேண்டும், ஏனென்றால் டீசலில் சேரும் தண்ணீர் அடியில்தான் போய்த் தங்கும், அதை அவ்வப்போது திறந்து விட வேண்டும் என்று கரும்பலகையில் எழுதுவதைப் போல அவனுக்குப் படம் போட்டுக் கொடுத்தாள். அவன் அந்தப் படத்தின் மேல் டீ கிளாஸை வைத்துவிட்டு, "முப்பது வருசமா அடிக்கிறேன் டீச்சர்" என்றான். டேங்க் வந்தது. குழாய் நடுவில் இருந்தது. திருப்பி அனுப்பினாள். மறுபடி வந்தது. குழாய் உச்சியில் இருந்தது. மூன்றாம் தடவை எல்லாம் சரியாக வந்தது, ஆனால் பட்டறையில் மிச்சமிருந்தது அந்த ஒரு பெயிண்டுதான் என்று டேங்க் முழுக்க ரோஸ் நிறத்தில் வந்தது. அதற்கு மேல் சண்டை போட அவளிடம் தெம்பில்லை.

டேங்க் ஒழுகினாலும் டீசல் வெளியே ஓடிவிடாமல் இருக்கச் சுற்றிலும் தொட்டி மாதிரி சுவர் எழுப்பச் சொன்னாள். கொத்தனார் எழுப்பிவிட்டு, மழைத் தண்ணீர் போகட்டும் என்று கீழே ஒரு ஓட்டையும் வைத்துவிட்டுப் போனார். "ஓட்டை இருந்தா சுவர் எதுக்குங்க?" என்றாள். "சுவர் இருந்தா ஓட்டை வேணும்ல டீச்சர்" என்றார் அவர்.

பங்க்கில் கேனில் டீசல் தரக் கடிதம் கேட்டார்கள். கடிதத்துக்கு ஒரு ஆபீஸுக்குப் போனாள். அங்கிருந்து இன்னொரு ஆபீஸுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் புத்தகத்தைப் புரட்டி, "இவ்வளவு கொஞ்சத்துக்கு அனுமதியே வேண்டாம்மா" என்றார். அப்படியானால் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள் என்றாள். "வேண்டாததுக்கு எப்படிம்மா எழுதிக் கொடுக்கிறது?" என்று அவர் நிஜமாகவே வருத்தப்பட்டுக் கேட்டார். கடைசியில் விசைப்படகுகளுக்கு டீசல் கொண்டு வரும் குட்டி டேங்கர் லாரிக்காரரைக் கெஞ்சி, ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை டேங்க்கை நிரப்பினாள். பக்கவாட்டில் இருந்த கண்ணாடிக் குழாயில் டீசல் ஏறி ஏறி, ஆயிரம் என்று கீறியிருந்த கோட்டில் போய் நின்றது. மங்கையர்க்கரசி ஏழு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒரு வாய் காப்பியைச் சூடு ஆறாமல் குடித்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணியிலிருந்து ஊர் முழுக்க மின்தடை என்று அறிவித்திருந்தார்கள். ஜெனரேட்டரை ஓட்டிப் பார்க்க அவள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தாள். ஒன்பது மணிக்கு ஊரில் கரண்டு போனது. கஸ்டம்ஸ் சந்தில் போகவில்லை. லைன்மேன் பக்கிரிசாமி சைக்கிளில் வந்து, சந்து முனை டிரான்ஸ்பார்மரில் மூன்று பியூஸையும் உருவிக் கையில் வைத்துக்கொண்டு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"மூணும் என் கையிலதான் இருக்கு டீச்சர்."

"தெரியுதுங்க."

"ஃபேன் ஓடுது."

"அதுவும் தெரியுது."

பக்கிரிசாமி ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார். எதற்கும் ஆபீஸில் சொல்லிவிடுகிறேன் என்று போனார். இரண்டு நாளில் இன்ஜினியர் ஒருவர் வந்து, சந்தின் இரண்டு முனையிலும் கம்பியைத் துண்டித்துப் பார்த்து, துண்டித்த பிறகும் முப்பத்தோரு வீட்டிலும் விளக்கு எரிவதைப் பார்த்து, கம்பியை மறுபடி சேர்த்துக் கட்டச் சொல்லிவிட்டு, நோட்டில் 'கஸ்டம்ஸ் சந்து, நிற்பதில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மீட்டர் ஓடியது, பில் வந்தது, அதனால் ஆபீஸுக்கு ஒரு குறையும் இல்லை.

ஊருக்கும் இல்லை. ஐப்பசி பிறப்பதற்குள் எதிர்வீட்டுக் குணவதியின் ஒரு கிரைண்டர் மூன்று கிரைண்டராகி, கடைத்தெரு ஓட்டல்கள் எல்லாம் அவளிடம் மாவுக்கு வந்து நின்றன. கார்த்திகையில் இரண்டு தையற்காரர்களும் ஒரு ஜெராக்ஸ்காரரும் சந்துக்குள் குடிவந்தார்கள். இறால் வியாபாரிகள் ஐஸ்பெட்டிகளை வரிசையாக வாசல்களில் வைத்துப் பிளக்கில் செருகிக்கொண்டார்கள். கல்யாணத் தரகர்கள் மாப்பிள்ளையின் படிப்பு, உத்தியோகத்துக்குப் பிறகு 'கஸ்டம்ஸ் சந்தில் சொந்த வீடு' என்று சேர்த்துச் சொன்னார்கள். மெழுகுவத்தியை எங்கே வைத்தோம் என்பதையே அந்தச் சந்து மறந்துபோனது. அங்கே பிறந்து வளர்ந்த கைக்குழந்தைகள் வெளியூருக்குப் போய்க் கரண்டு போனால், கண் தெரியாமல் போய்விட்டதென்று நினைத்து வீரிட்டு அழுதன.

டேங்க்தான் காரணம் என்று ஒரு சனிக்கிழமை காலையில் தெரிந்தது. மங்கையர்க்கரசி அடிக்குழாயைத் திறந்து, தேங்கிய தண்ணீரை இரண்டு லிட்டர் வடித்தாள். சந்து முழுக்க ட்யூப்லைட்டுகள் கண் சிமிட்டின, கிரைண்டர்கள் முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றின. இரண்டு லிட்டர் டீசல் மேலே ஊற்றியதும் எல்லாம் நிமிர்ந்தன. குணவதி முழங்கை வரை மாவோடு ஓடி வந்து கொல்லையில் நின்று, டேங்க்கையும் குழாயையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அதோடு போயிற்று மங்கையர்க்கரசியின் நிம்மதி. மறுநாள் டேங்க்குக்கு மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. அதற்கு மறுநாள் எலுமிச்சம்பழம் இருந்தது. ரோஸ் நிறமாக இருந்ததால் ரோசம்மா என்று பேரும் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து வந்தவள், டேங்க்குக்கு இரண்டடி தள்ளி ஒரு தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருப்பதைக் கண்டு போட்ட சத்தத்தில் சிவபாதம் மூக்குக் குழாயோடு எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"இது டீசல்! டீசல்னா என்னான்னு தெரியுமா? எரியறதுக்குன்னே இருக்கிற சாமான்!"

"எரியறதுக்குன்னா ஏன் டீச்சர் எரிக்க மாட்டேங்கிறீங்க?" என்றாள் குணவதி. கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

இருபதடிக்குள் நெருப்பு கூடாது என்று பேசி முடிவானது. அதற்குப் பதில் சீரியல் பல்பு போட்டார்கள். வயர் ஜாயிண்ட்டை டேங்க் மூடி மேலேயே வைத்து டேப் சுற்றியிருந்தார்கள். அதை அவிழ்க்க ஒரு வாரம் வாக்குவாதம் நடந்தது. பிறகு முறைபோட்டு வீட்டுக்கு ஒரு ஆள் கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணாடிக் குழாயில் மட்டம் குறைகிறதா என்று பார்த்தார்கள். அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பதும் மங்கையர்க்கரசி தலையில்தான் விழுந்தது.

அவள் சொல்லிப் பார்த்தாள். டேங்க்கின் அடியில் தண்ணீர் சேரும், தண்ணீரில் பாசி மாதிரி ஒன்று வளரும், அது ஃபில்டரை அடைக்கும், ஒரு வருடத்துக்கு மேல் நின்ற டீசல் கெட்டுப்போகும், அதனால் அடியில் வடிக்க வேண்டும், மாதம் ஒருமுறை ஜெனரேட்டரை ஓட்ட வேண்டும், எரித்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். கேட்டு முடித்ததும் ஒவ்வொருவரும் அதே கேள்வியைக் கேட்டார்கள்: "கரண்டுதான் போகறதில்லையே டீச்சர், ஜெனரேட்டர் எதுக்கு?"

அவள் ஜெனரேட்டரை ஓட்டிய முதல் நாலு தடவையும் சந்தே வந்து வாசலில் நின்றது. ஐந்தாம் தடவை அதன் பேட்டரி செத்திருந்தது. பேட்டரி மாற்ற வந்த மெக்கானிக்கைச் சந்து முனையிலேயே உட்கார வைத்து, வடை வாங்கிக் கொடுத்து, தோளில் கைபோட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு பதினாலு மாதம் அந்த எஞ்சின் சுற்றவே இல்லை.

"உனக்கு நல்லது நடந்தாலும் பொறுக்காது மங்கை" என்று சிவபாதம் சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும். "ஊர்ல எவனுக்குக் கிடைச்சிருக்கு இப்படி?"

"ஏன் வந்துதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"சொல்லாம வந்தது சொல்லாமத்தான் போகும். போற அன்னைக்கு இந்த எஞ்சின் ஓடலைன்னா ரோசம்மாவா வந்து உங்க மூக்குல ஊதுவா?"

  நாவல்பழ நிறத்தை அவர் பார்த்ததில்லை. பார்த்தது அவள்.

மூன்றாம் வருடம் கார்த்திகையில் அடுத்த புயல் வந்தது. கம்பங்கள் முறிந்து, கம்பிகள் தெருவில் கிடந்து, மரங்கள் ரோட்டை மூடி, உப்பங்கரை முழுக்க இருண்டது. கஸ்டம்ஸ் சந்தில் மட்டும், சாய்ந்து கிடந்த கம்பத்திலேயே தெருவிளக்கு தரையைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது. ஊர் ஜனம் சந்துக்குள் வந்து செல்போனைச் சார்ஜ் போட்டது, துணி இஸ்திரி போட்டது, குளிர்ந்த தண்ணீர் குடித்தது. ரோசம்மாவைப் பார்க்க வரிசை நின்றது.

ஆறாம் நாள் காலை பத்து மணிக்கு, பக்கத்துத் தெரு ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் பிலோமினா இரண்டு காலி கேன்களோடு அந்த வரிசையைத் தாண்டி உள்ளே வந்தாள். கண் சிவந்திருந்தது. வெள்ளைப் புடவை முழங்கால் வரை சேறாக இருந்தது.

"டீச்சர், நேத்து சாயங்காலம் ஒரு குழந்தை பொறந்திருக்கு. மாசம் நிறையறதுக்கு முன்னாடியே வந்துட்டுது. ஒண்ணரை கிலோகூட இல்லை. சூடு குடுக்கிற மெஷின்ல வச்சிருக்கேன். எங்க ஜெனரேட்டர்ல இன்னும் ரெண்டு மணி நேரத்துக்குத்தான் டீசல் இருக்கு. ரோடு திறக்க ஒரு வாரம் ஆகுமாம்."

"குழந்தையை இங்க தூக்கிட்டு வந்துடுங்க சிஸ்டர், இங்கதான் கரண்டு இருக்கே" என்றாள் குணவதி.

"அந்த மெஷின் கட்டில் அளவு இருக்கும் அக்கா, சுவத்தோட பதிச்சிருக்கு. மழைல குழந்தையை வெளிய எடுத்தா அதோட முடிஞ்சுது."

"எவ்வளவு வேணும்?" என்றாள் மங்கையர்க்கரசி.

"ஒரு வாரத்துக்கு நூத்தம்பது லிட்டர்."

கொல்லையில் நின்றவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இரண்டு லிட்டருக்கே லைட்டு மங்கியதே, நூற்றைம்பது போனால் சந்தே போய்விடும். போனால் திரும்பி வருமா என்று யாருக்குத் தெரியும்? ஐஸ்பெட்டியில் இறால் இருக்கிறது, கிரைண்டரில் மாவு இருக்கிறது. குணவதி மட்டும் வேறு ஒன்று கேட்டாள்.

"உள்ள சார் இருக்காரே டீச்சர். அவரு மெஷின் நின்னா?"

மங்கையர்க்கரசிக்கு அப்போதுதான் மூன்று வருடக் கோபமும் தொண்டைக்கு வந்தது.

"நிக்கும்! நின்னா ஓட்டறதுக்குத்தான் ஜெனரேட்டர் வாங்கினேன். ஜெனரேட்டருக்கு ஊத்தறதுக்குத்தான் டீசல் வாங்கினேன். டீசலை வைக்கிறதுக்குத்தான் இந்த டேங்க்கை ரெண்டு தடவை திருப்பி அனுப்பி வாங்கினேன். மஞ்சக்கயிறு கட்டறதுக்கு இல்லை! சீரியல் பல்பு போடறதுக்கு இல்லை! பதினாலு மாசமா ஓட்டவிட்டீங்களா? ஒரு சொட்டு வடிக்கவிட்டீங்களா? இப்ப அது ஓடுமா ஓடாதான்னு எனக்கே தெரியாது. தெரியாமலே குடுக்க வேண்டியிருக்கு. தள்ளுங்க எல்லாரும்!"

யாரும் விலகவில்லை. அவள் கூட்டத்தை விட்டுவிட்டு உள்ளே போனாள். சிவபாதம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார்.

"என்னங்க."

"குடு" என்றார்.

"சிலிண்டர் ஒண்ணுதான் இருக்கு. நாப்பது நிமிசம் வரும். அதுக்குள்ள எஞ்சின் ஓடணும்."

"அன்னைக்கு ஆம்புலன்ஸ் முன்னாடி போய் நின்னியே, அது பிரேக் பிடிக்கும்னு தெரிஞ்சா நின்னே?"

 மூக்குக் குழாயை மெஷினிலிருந்து கழற்றிச் சிலிண்டரில் மாட்டினாள். திருகைத் திறந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் கூட்டம் தானாக விலகியது. டீச்சர் அவர் மெஷினை நிறுத்திவிட்டு வந்திருக்கிறாள் என்பது எல்லாருக்கும் புரிந்தது.

முதலில் அடிக்குழாயைத் திறந்தாள். பழுப்பு நிறத்தில், மூக்குச்சளி மாதிரி இழை இழையாக ஒரு தண்ணீர் பக்கெட்டில் கொட்டியது. ஒன்றரை பக்கெட் வந்தது, ட்யூப்லைட்டுகள் கண் சிமிட்டின. "இதுக்குத்தான் பூ போட்டீங்க" என்று அவர்கள் காலடியில் நகர்த்தி வைத்தாள். பிறகு எஞ்சினுக்கு டீசல் எடுக்கும் மேல்குழாயைத் திறந்து, வேட்டித்துணி நாலு மடிப்பில் வடிகட்டிக் கேனில் பிடித்தாள். மேலே டீசல் தெளிவாகத்தான் இருந்தது. முதல் கேன் நிறைந்தபோது ட்யூப்லைட்டுகள் அணைந்தன. இரண்டாவது கேன் நிறைந்தபோது கிரைண்டர்கள் நின்றன. பிலோமினா இரண்டையும் தூக்கிக்கொண்டு ஓடினாள், மிச்சத்துக்கு ஐஸ்காரரின் தள்ளுவண்டியில் கேன்கள் வந்தன. மூன்று, நாலு, ஐந்து. குண்டு பல்புகள் சிவந்து நூலாகிப் போயின. ஆறாவது கேனில், சாய்ந்த கம்பத்தில் எரிந்துகொண்டிருந்த தெருவிளக்கும் அணைந்தது. மூன்று வருடத்தில் முதல் முறையாகக் கஸ்டம்ஸ் சந்தில் ஒரு மோட்டாரும் ஓடவில்லை. அந்த அமைதியில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

சிலிண்டரில் இருபத்தைந்து நிமிடம் இருந்தது. அவள் பழைய ஃபில்டரைக் கழற்றி எறிந்து, புதியதை மாட்டி, டீசல் ஊற்றி, ஸ்பேனரால் நட்டைத் தளர்த்திக் குழாயில் இருந்த காற்றை வெளியேற்றி, கைப்பிடியைச் செருகிச் சுற்றினாள். எஞ்சின் கால் சுற்று வந்து நின்றது. மறுபடி சுற்றினாள். அரைச் சுற்று. கைப்பிடி எகிறி அவள் மணிக்கட்டில் அடித்தது. பதினைந்து நிமிடம். மறுபடி. வலது கை மேலே எழவில்லை. இடது கையால் பிடித்தாள். எஞ்சின் ஒரு தடவை செருமியதோடு சரி.

"தள்ளுங்க டீச்சர்" என்றாள் குணவதி.

இருபது வருடமாக மாவுப் பானை தூக்கிய கை அவளுடையது. புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து, முகம் கோணச் சுற்றினாள். எஞ்சின் செருமியது. இன்னும் வேகமாகச் சுற்றினாள். சுற்றிக்கொண்டே திட்டினாள். டீச்சரைத் திட்டினாள், மாசிலாமணியைத் திட்டினாள், புயலைத் திட்டினாள், தன் கிரைண்டரில் புளித்துப்போகப்போகும் நாற்பது படி மாவை நினைத்து யாரையென்று தெரியாமல் திட்டினாள். அந்தக் கடைசித் திட்டில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கறுப்பாக ஒரு புகை, பிறகு வெள்ளையாக ஒரு புகை, பிறகு தடதடவென்று கொல்லையே ஆடுகிற மாதிரி ஓடியது.

மங்கையர்க்கரசி ஒயரை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடி மெஷினைச் செருகினாள். அது விழித்துக்கொண்டு காற்றை இழுக்க ஆரம்பித்தது. குழாயை மாற்றிவிட்டுச் சிலிண்டர் முள்ளைப் பார்த்தாள். சிவப்புக் கோட்டுக்குக் கீழே, பூஜ்யத்துக்கு ஒரு நூல் மேலே இருந்தது. அவள் கட்டில் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். மணிக்கட்டு வீங்கிக்கொண்டிருந்தது.

ஊருக்குக் கரண்டு வரப் பதினேழு நாள் ஆனது. டீசல் கொண்டுபோன எட்டாம் நாள் ரோடு திறந்து குழந்தையைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். அது பிழைத்துக்கொண்டது. கஸ்டம்ஸ் சந்தும் மற்றத் தெருக்களைப் போலவே இருட்டில் கிடந்தது, பழக்கமில்லாததால் மற்றத் தெருக்களைவிட அதிகமாக முட்டிக்கொண்டது. முதல் நாலு நாள் யாரும் டீச்சரோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் குணவதி வந்து, எதுவும் நடக்காத மாதிரி, கிரைண்டருக்கு ஒரு மணி நேரம் ஒரு பிளக் கேட்டாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். மங்கையர்க்கரசி நேரம் எழுதி வாசலில் ஒட்ட வேண்டியதாயிற்று. எழுதி ஒட்டியதை ஒருவரும் மதிக்கவில்லை.

கரண்டு வந்த மறுவாரம் சந்துக்காரர்கள் வீட்டுக்கு ஒரு கேன் டீசலோடு வந்து நின்றார்கள். ரோசம்மாவை மறுபடி கழுத்து வரை நிரப்ப வேண்டும் என்றார்கள். அவள் மூன்று நிபந்தனை போட்டாள்: மாதம் ஒருமுறை அடியில் வடிப்பாள், மாதம் ஒருமுறை எஞ்சினை ஓட்டுவாள், எவரும் வாயைத் திறக்கக் கூடாது. சரி என்றார்கள். கண்ணாடிக் குழாயில் டீசல் ஏறி ஆயிரத்தில் நின்றது. எல்லாரும் விளக்கைப் பார்த்தார்கள். விளக்கு எரிந்தது. ஆனால் ஊரெல்லாம்தான் எரிந்தது, அதனால் ஒன்றும் தெரியவில்லை. காத்திருந்தார்கள்.

பதினோரு நாள் கழித்து, காற்றும் இல்லாமல் மழையும் இல்லாமல் வெயில் பளிச்சென்று அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கஸ்டம்ஸ் சந்தில் கரண்டு போனது. ஊரில் எல்லாருக்கும் போன மாதிரியே, சொல்லாமல் கொள்ளாமல், டி.வி. பாட்டின் நடுவில் போனது. முப்பத்தோரு வீட்டிலிருந்தும் ஆட்கள் வாசலுக்கு வந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். குணவதி கொல்லைவழியாக வந்து, நிறைந்து நின்ற ரோஸ் டேங்க்கைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அவ்வளவுதானா டீச்சர்?" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, அழுகைதான் இருந்தது.

"அவ்வளவுதான். கைப்பிடியைப் பிடி" என்றாள் மங்கையர்க்கரசி.

எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. அவள் உள்ளே போய் மெஷினைச் செருகி, அது ஓடுவதைக் காது கொடுத்துக் கேட்டு, சிவபாதத்தின் உதட்டைப் பார்த்தாள். உதடு உதட்டு நிறத்திலேயே இருந்தது. மூன்று வருடமும் ஏழு மாதமும் அவள் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது எதுவோ அப்போதுதான் இறங்கிப் போனது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினாள்.

"மங்கை" என்றார் சிவபாதம்.

"என்னங்க?"

"சத்தம் ரொம்ப இருக்கே. கொஞ்சம் தள்ளி வச்சிருக்கக் கூடாதா அதை?"

மங்கையர்க்கரசி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். ஓட்டை வைத்த கொத்தனாரிலிருந்து திட்ட ஆரம்பித்தாள்.